அளந்தால்தான் மருந்து

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலை. புதுச்சேரியில் நேரு வீதிப் பக்கமாகப் பெரிய மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். ஏட்டில் அதன் பெயர் குபேர் அங்காடி. அரசியல் தலைவர் எதுவார் குபேரின் பெயரில் அமைந்தது. ஊர் வாயில் அது பெரிய மார்க்கெட்தான்.

வாழைப்பழக் கடை அம்மா ஒரு தாரிலிருந்து சீப்புகளை அறுத்து இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றில் பளபளப்பான மஞ்சள். மற்றதில் தோலெங்கும் கரும்புள்ளி.

"இது இன்னாம்மா, பழசா?"

"பழசு இல்ல சார். நேத்து இறங்கின தார்தான். மழைக்காலத்துப் பழம், புள்ளி வுழும். உள்ள நல்லாத்தான் இருக்கும். எடுத்துக்குங்க, பாதி விலை."

அவர் சொன்னது சரி. கொலெட்டோட்ரிக்கம் என்ற பூஞ்சை, காய் பச்சையாக இருக்கும்போதே தோட்டத்தில் தோலுக்குள் புகுந்துவிடுகிறது. காய் பழுக்கும்வரை அசையாமல் கிடக்கிறது. பழுக்கத் தொடங்கியதும் புள்ளி புள்ளியாகக் கிளம்புகிறது. தோட்டத்தில் தொற்றிய நோய்க்கு மார்க்கெட்டில் பாதி விலை போகிறது.

பழக்கடையைத் தாண்டினால் பூண்டு, இஞ்சி, பச்சை மஞ்சள். மளிகைக் கடைகளில் ஓமம், கிராம்பு, பட்டை, சுக்கு. இவற்றில் ஏறக்குறைய எல்லாமே ஆய்வுக்கூடத்தில் ஏதாவது ஒரு பூஞ்சையை அடக்கிக் காட்டியவை. அப்படியிருக்க, பக்கத்துப் பாகூரிலோ வில்லியனூரிலோ நெல்லில் இலையுறை அழுகத் தொடங்கினால் விவசாயி ஏன் மளிகைக் கடைக்கு வராமல் பூச்சிமருந்துக் கடைக்குப் போகிறார்? அவருக்கு அறியாமை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. இந்தக் கட்டுரை வேறு விடை தேடுகிறது.

ஈரத்தில் முளைக்கும் எதிரி

இலையில் வரும் பெரும்பாலான பூசண நோய்களுக்கு மூன்று வேண்டும்: பூஞ்சையின் வித்து, இடம் கொடுக்கும் பயிர், இலைமேல் சில மணி நேரம் நிற்கும் ஈரம். புதுச்சேரிக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கிடைக்கிறது. அதையடுத்து தை மாதப் பனி. சம்பா நெல் கதிர் பொதிவதும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். நெல்லின் குலைநோய்க்கு இரவுக் குளிரும் பனித்துளியும் விருந்து மாதிரி.

இந்த எதிரியைச் சின்னதாக நினைத்த நாடுகள் பெரிய விலை கொடுத்திருக்கின்றன. இலங்கையில் 1869இல் தென்பட்ட காப்பி இலைத்துரு, அடுத்த இருபதாண்டுகளில் அந்தத் தீவின் காப்பித் தோட்டங்களை அழித்தது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. தமிழ்த் தொழிலாளர்களின் வாழ்க்கையும் அதோடு மாறியது. வங்கத்தில் 1942இல் நெல்லைத் தாக்கிய பழுப்புப் புள்ளி நோய், அடுத்த ஆண்டின் பெரும் பஞ்சத்துக்கு ஒரு காரணம் என்று பயிர்நோயியல் அறிஞர் எஸ். ஒய். பத்மநாபன் 1973இல் எழுதினார். போரும் அரசின் கொள்கையும் அந்தப் பஞ்சத்தில் வகித்த பங்கைப் பொருளியலாளர்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். வயலில் பூஞ்சை இருந்தது என்பதையும் மறக்க முடியாது.

அரிவாளை முக்கிப் பார்

பூசணக்கொல்லிகளின் வரலாறு புதுச்சேரிக்குப் பழக்கப்பட்ட ஒரு துறைமுகத்தில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிருந்து நீலத் துணி போர்தோவுக்குக் கப்பலேறியது. நிலக்கடலை மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. அந்தப் போர்தோ பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களை 1880களில் அடிச்சாம்பல் நோய் சூறையாடியது. 1882இல் பேராசிரியர் மில்லார்தே ஒரு விஷயத்தைக் கவனித்தார். சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை உதிரவில்லை. வழிப்போக்கர் பழம் பறிக்காமலிருக்க, பார்த்தால் நஞ்சு என்று தோன்றும்படி அந்தக் கொடிகளில் தாமிரக் கலவையைத் தெளித்திருந்தார்கள். திருடனை விரட்டத் தெளித்தது பூஞ்சையை விரட்டியிருந்தது. 1885இல் அவர் வெளியிட்ட முறைதான் போர்டோ கலவை.

நம் ஊர் அளவு இது: ஒரு கிலோ மயில்துத்தம் (தாமிர சல்பேட்), ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியே மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்துப் பிறகு சேர்க்க வேண்டும். கலவை சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். தீட்டிய அரிவாளை அதில் முக்கி எடுத்தால் போதும். இரும்பின்மேல் செந்நிறம் படிந்தால் தாமிரம் தனித்து நிற்கிறது என்று பொருள். தெளித்தால் இலை கருகும். செந்நிறம் போகும்வரை சுண்ணாம்புக் கரைசலைச் சேர்க்க வேண்டும்.

அந்த அரிவாளை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 140 ஆண்டுகளாக இந்தக் கலவை பிழைத்திருப்பதற்குத் தாமிரத்தின் வீரியம் மட்டும் காரணமாகாது. செய்பவனே அளக்கவும் செய்பவனே சோதிக்கவும் அது இடம் கொடுத்தது.

ஆனால் தாமிரம் மண்ணில் சிதையாது, சேர்ந்துகொண்டே போகும். அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு கட்டியது. தாமிரத்துக்குப் பின் வந்த மருந்துகளுக்கும் அவற்றுக்கான சிக்கல்கள் உண்டு. கார்பென்டாசிம் பூஞ்சையின் செல் பிரிவதை ஒரே ஓர் இடத்தில் பிடித்து நிறுத்துகிறது. அந்த ஓரிடத்தில் பூஞ்சை சற்று மாறினால் மருந்து வழுக்கிவிடும். பல பூஞ்சைகள் அப்படி மாறியும் விட்டன. மாங்கோசெப் பல இடங்களில் தாக்குவதால் எளிதில் எதிர்ப்பு உருவாவதில்லை. உடல்நலக் கவலைகளால் அதன் அனுமதியைப் புதுப்பிப்பதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் முடிவெடுத்தது. இந்திய அரசு அதே ஆண்டு மே மாதம் வெளியிட்ட 27 மருந்துகளின் தடை வரைவில் இவை இரண்டும் இருந்தன. 2023 ஆணையில் முழுத் தடைக்கு உள்ளானவை டைகோபால், டினோகாப், மெத்தோமில் ஆகிய மூன்றே.

அஞ்சறைப் பெட்டியின் வேதியியல்

செடி ஓடி ஒளிய முடியாது. அதனால் நின்ற இடத்திலேயே மருந்து செய்துகொள்கிறது. உரிக்காத பூண்டை மூக்கருகே வைத்தால் பெரிதாக வாசம் வராது; நசுக்கினால்தான் வரும். பூண்டுப் பல்லின் செல்லில் அல்லின் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறையில் இருக்கின்றன. பூஞ்சையோ புழுவோ அம்மிக்கல்லோ சுவரை உடைத்தால் இரண்டும் கலந்து அல்லிசின் பிறக்கிறது. ஆய்வாளர்கள் காவல்லிட்டோவும் பெய்லியும் 1944இல் பிரித்தெடுத்த பொருள் இது. பூஞ்சையின் புரதங்களில் உள்ள கந்தகப் பிடிகளைப் பற்றிக்கொண்டு அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. ஆனால் அல்லிசின் நிலையற்றது. இடித்த பூண்டுச் சாற்றை நாளைக்கு என்று எடுத்துவைத்தால் வீரியம் இறங்கிக்கொண்டே போகும்.

கிராம்பு எண்ணெயின் பெரும்பகுதி யூஜினால். ஓமத்தின் காரத்துக்குக் காரணம் தைமால். இரண்டும் பூஞ்சைச் செல்லின் உறைக்குள் நுழைந்து அதை ஓட்டையாக்குகின்றன. வாசனை என்றாலே ஆவியாவது. வெயிலில் தெளித்தால் வந்த வேலையை முடிப்பதற்குள் காற்றில் போய்விடும்.

இந்தச் சிக்கலுக்கு ஐரோப்பா ஒரு வழி கண்டது. யூஜினால், தைமால், ஜெரானியால் மூன்றையும் பயிர்ப் பாதுகாப்புப் பொருள்களாக ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் ஏற்றது. அவற்றைக் கலந்து, காலியான ஈஸ்ட் செல்லின் கூட்டுக்குள் அடைத்து, திராட்சையின் சாம்பல்நிற அழுகலுக்குத் தெளிக்கிறார்கள். இலையில் ஈரம் படும்போது கூடு சிறிது சிறிதாக எண்ணெயை விடுகிறது. பூஞ்சை முளைப்பதும் அதே ஈரத்தில்தான். பெரிய மார்க்கெட்டில் பொட்டலமாக விற்கும் ஓமத்துக்கும் அந்த மருந்துக்கும் வேதிப் பொருளில் வேற்றுமை கொஞ்சம். அளவிலும் அடைப்பிலும்தான் முழு வேற்றுமை.

மூனிக்கில் ஏறிய வேம்பு

வேம்பின் காப்புரிமை வழக்குக் கதை தெரியாத தமிழ் வாசகர் குறைவு. ஆனால் அந்த வழக்கு ஒரு பூசணக்கொல்லியைப் பற்றியது என்பது பலருக்கும் நினைவில் இல்லை. அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் சேர்ந்து மூனிக்கிலுள்ள ஐரோப்பிய காப்புரிமை அலுவலகத்தில் 1994இல் பெற்ற உரிமை, வேப்பெண்ணெயால் செடிகளின் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கானது. வேப்பெண்ணெய், அதைத் தண்ணீரோடு கலக்கச் சோப்புபோல ஒரு பொருள், மீதி தண்ணீர்: சாரம் இவ்வளவே. 1995இல் சூழலியலாளர் வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்றப் பசுமைக் கட்சியின் மாக்தா ஆல்வூட், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பு ஆகியோர் எதிர்ப்பு மனு போட்டார்கள். 2000 மே மாதம் காப்புரிமை நீக்கப்பட்டது. 2005 மார்ச் 8 அன்று மேல்முறையீடும் தள்ளுபடியானது.

இந்த வெற்றியைப் பாட்டி வைத்தியத்தின் வெற்றி என்று நாம் கொண்டாடுகிறோம். விசாரணையில் எது எடுபட்டது என்று பார்த்தால் பாடம் வேறு. புனேயைச் சேர்ந்த தொழிலதிபர் அபய் பட்கே மூனிக்குக்குப் போய்ச் சாட்சி சொன்னார். 1980களின் நடுவில் மகாராஷ்டிர வயல்களில் தம் நிறுவனம் வேப்பெண்ணெயை இப்படித் தெளித்துச் சோதித்ததை எடுத்து வைத்தார். எந்த வயல், எந்த ஆண்டு, என்ன கலவை என்று சொல்ல ஆள் இருந்தது. "காலங்காலமாக" என்ற சொல்லைவிட ஒரு தேதிக்கு அங்கே எடை அதிகம்.

அந்தக் காப்புரிமையில் இன்னொரு செய்தி இருக்கிறது. பூஞ்சைக்குப் பயன்படுத்திய எண்ணெயிலிருந்து அசாடிராக்டினை ஏறக்குறைய முழுதும் நீக்கியிருந்தார்கள். 1968இல் பட்டர்வொர்த்தும் மார்கனும் பிரித்தெடுத்த அசாடிராக்டின், பூச்சியின் பசியையும் தோலுரிப்பையும் கெடுக்கும் பொருள். பூஞ்சையைத் தடுப்பதில் முன்நிற்பது எண்ணெய்ப் பகுதி. வித்தின்மேல் படலமாகப் படிந்து முளைக்கவிடாமல் செய்கிறது. நம் கடைகளில் வேம்பு மருந்துப் புட்டிகளில் 300 பிபிஎம், 1500 பிபிஎம், 10000 பிபிஎம் என்று போட்டிருப்பது அசாடிராக்டின் அளவு. பூசணத்துக்கு வாங்குபவர் அந்த எண்ணைப் பார்த்து வீரியம் கூட என்று நினைத்தால் ஏமாந்துபோவார். அளவு எழுதியிருக்கிறது, அவருக்கு வேண்டிய பொருளின் அளவாக அது இல்லை.

நிலக்கடலையிலும் வேம்பு ஒரு வியப்பைக் காட்டியது. கடலையில் வளரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை, கல்லீரல் புற்றுக்குக் காரணமாகும் அப்ளாடாக்சின் நஞ்சைச் சுரக்கிறது. அமெரிக்க வேளாண் துறையின் நியூ ஆர்லியன்ஸ் ஆய்வுக்கூடத்தில் பட்நாகரும் மெக்கார்மிக்கும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், வேப்பிலைச் சாறு கலந்த ஊடகத்தில் பூஞ்சை வழக்கம்போல் வளர்ந்தது. நஞ்சு சுரப்பது மட்டும் ஏறக்குறைய நின்றது. குதிருக்குள் வேப்பிலை போட்ட கைகளுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஈரத்தில் குவித்துவைத்த வேப்பங்கொட்டையிலேயே அதே பூஞ்சை பிடித்து அதே நஞ்சு சேரும் என்பதும் உண்மை. கொட்டையை நிழலில் உலர்த்து என்று சொல்வது அதனால்தான்.

கோவை சொல்லும் கணக்கு

கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தாவரச் சாறுகளைப் பரிந்துரையில் ஏற்றியிருப்பது பலருக்குத் தெரிவதில்லை. நெல்லின் இலையுறை அழுகலுக்கு வேப்பெண்ணெய் 3 சதவீதம்; அல்லது நெய்வேலிக் காட்டாமணக்கு, சீமைக்கருவேலம் இவற்றில் ஒன்றின் இலைத்தூள் ஹெக்டேருக்கு 25 கிலோ ஊறவைத்த சாறு. கதிர் பொதியும் பருவத்தில் ஒரு முறை, 15 நாள் கழித்து இன்னொரு முறை. உளுந்தின் சாம்பல் நோய்க்கு வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் அல்லது வேப்பெண்ணெய் 3 சதவீதம், பத்து நாள் இடைவெளியில் இரு முறை. நிலக்கடலையின் துருவுக்கு எருக்கிலைச் சாறு 10 சதவீதம். ஏரி வாய்க்காலை அடைத்து நிற்கும் காட்டாமணக்கையும், அழிக்க முடியாத சீமைக்கருவேலத்தையும் மருந்துப் பட்டியலில் சேர்த்த ஆய்வாளர்களின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

வேப்பங்கொட்டைச் சாறு தயாரிக்கும் முறையைக் கவனித்தால் ஒவ்வொரு படியிலும் ஒரு காரணம் இருக்கிறது. பருப்பு ஐந்து கிலோ, 100 லிட்டருக்கு. அறுவடையாகி மூன்று மாதத்துக்குக் குறையாத, எட்டு மாதத்துக்கு மேற்படாத கொட்டை. மெதுவாக இடிக்க வேண்டும். மாவாகவும் கூடாது, எண்ணெய் கக்கவும் கூடாது. பத்து லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவிட்டு, விடிந்ததும் பால்போல் வெளுக்கும்வரை கலக்கி, இரட்டை மல்துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, காதி சோப்பு சேர்க்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். தெளிப்பானின் கடைசி இரண்டு லிட்டர் மட்டும் இலையைக் கருக்கும். வெயில் இறங்கியபின் அடிக்க வேண்டும். சூரியனின் புற ஊதாக் கதிர் வேம்பின் பொருள்களைச் சில நாளில் சிதைத்துவிடும்.

இயற்கை வேளாண்மை செய்பவர்களிடம் இன்னொரு இலக்கணம் வழங்குகிறது: ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வடியும் இலை, கசக்கும் இலை. ஆடாதொடை, எருக்கு, வேம்பு, நொச்சி, ஊமத்தை என்று சேர்த்து மாட்டுக் கோமியத்தில் ஊறவைப்பார்கள். பூசணத்துக்குச் சுக்குக் கசாயமும் பாலும் சேர்ந்த கரைசல் தனி. இந்த இலக்கணம் அறிவுக்கு ஒவ்வாதது என்று ஒதுக்க முடியாது. ஆடு ஒதுக்குவதும் பூச்சி ஒதுக்குவதும் பெரும்பாலும் ஒரே வகைப் பொருள்களை. ஆனால் எந்த இலை எவ்வளவு, எத்தனை நாள் ஊறியது, எந்த நோய்க்கு எந்தப் பருவத்தில் என்று கேட்டால் ஊருக்கு ஊர் விடை மாறுகிறது. ஊமத்தையும் எருக்கும் மனிதருக்கும் நஞ்சு என்பதால் இந்தக் கேள்வி வெறும் ஆய்வுக் கேள்வி மட்டுமல்ல. புகையிலை நிகோட்டினும் செடி தந்ததுதான்.

தட்டுக்கும் வயலுக்கும் நடுவே

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இத்துறை ஆய்வுகள் ஏராளம். பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றே. உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் அகரும் சேர்ந்த கூழில் இலைச் சாற்றைக் கலந்து கண்ணாடித் தட்டில் ஊற்றுவார்கள். நடுவில் பூஞ்சையின் ஒரு துண்டு. ஏழு நாள் கழித்து வளர்ச்சியின் விட்டத்தை அளந்து, சாறு கலக்காத தட்டோடு ஒப்பிட்டு, இத்தனை சதவீதம் தடுத்தது என்று எழுதுவார்கள். தட்டில் மழை பெய்வதில்லை, வெயில் அடிப்பதில்லை. பூஞ்சை முழுவதும் சாற்றிலேயே முழுகிக் கிடக்கிறது.

வயலில் பூஞ்சை எங்கே குடியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. சாம்பல் நோய் இலையின் மேற்பரப்பில் படர்கிறது. எண்ணெய்ப் படலம் அதைத் தொட முடியும். அதனால்தான் உளுந்தில் வேம்பு நன்றாக வேலை செய்கிறது. குலைநோய் இலைக்குள் புகுந்துவிடும். முன்கூட்டியே தெளித்தால் தடுக்கலாம், புகுந்தபின் வெளியில் பூசிய சாற்றால் துரத்த முடியாது. வாழையின் வாடல் நோய் வேர்வழி ஏறித் தண்டின் நீர்க்குழாய்க்குள் இருக்கிறது. இலையில் எதைத் தெளித்தாலும் அங்கே போய்ச் சேராது. தாவரச் சாறு பெரும்பாலும் காவல்காரன், வைத்தியன் அல்ல. நோய் வந்தபின் வாங்கித் தெளித்துவிட்டு "இயற்கை மருந்து கேட்கவில்லை" என்பது காவல்காரன்மேல் வீண் பழி.

பூச்சிமருந்துக் கடையில் விவசாயி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, டேங்குக்கு எத்தினி மூடி?" கடைக்காரர் உடனே விடை சொல்கிறார். அந்த விடை பல நேரம் தவறாக இருக்கலாம். ஆனாலும் அது ஒரு விடை. வேப்பங்கொட்டை விஷயத்தில் அந்தக் கேள்விக்கு நம்மிடம் உறுதியான பதில் இல்லை. ஒரு மரத்துக் கொட்டை போல் இன்னொன்று இல்லை. போன ஆண்டின் கொட்டை போல் இந்த ஆண்டின் கொட்டை இல்லை. பால்போல் வெளுத்தது என்பது கரைந்ததற்கு அடையாளம், வீரியத்துக்கு அளவுகோல் ஆகாது. விவசாயி மருந்துக் கடைக்குப் போவது இந்த இடைவெளியால்தான்.

ஆகவே நம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னும் ஓர் இலை, இன்னும் ஒரு தட்டு, இன்னும் ஒரு சதவீதம் என்ற கணக்கு போதும். காரைக்காலில் பண்டித ஜவாஹர்லால் நேரு வேளாண் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரி குரும்பாப்பட்டில் காமராசர் பெயரில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பாகூரில் ஏரியும் சம்பா வயலும் இருக்கின்றன. ஒரே சாற்றை, ஒரே அளவில், மூன்று மழைக்காலம் தெளித்து, மகசூலை மூட்டைக் கணக்கில் எழுதிவைப்பதற்கு இதற்குமேல் ஒன்றும் வேண்டாம். கூடவே, விவசாயி தன் கொல்லையிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு வீரியச் சோதனையும் வேண்டும். மயில்துத்தத்துக்கு ஓர் அரிவாள் கிடைத்தது. வேம்புக்கு இன்னும் கிடைக்கவில்லை.